அழியாத நினைவும் தவறலாம்

(சதுரங்கப்பட்டினத்தில் நடந்த குழு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன செவ்வாய்க்கிழமை என்ன குழம்பு வெச்சோம்னு கேட்டா யோசிப்போம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில சுனாமி வந்தப்போ எங்கே நின்னோம், யார் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினோம்னு கேட்டா உடனே சொல்லிடுவோம். ஏன் அப்படி?

நம் மூளையின் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. பயம், துக்கம், சந்தோஷம் எது பெருகினாலும் நெஞ்சு படபடக்கும். அப்போது அமிக்டலா, "இது முக்கியம், பத்திரமா வை" என்று நினைவைச் சேர்க்கும் பகுதியைத் தூண்டிவிடும்.

இதை ஆராய யாரையும் நிஜமாகப் பயமுறுத்த முடியாது. அதனால் 'மெய்நிகர் உலகம்' காட்டும் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணை முழுதும் மூடும்படி அதை மாட்டிக்கொண்டால் கம்ப்யூட்டர் உருவாக்கிய காட்சி சுற்றிலும் தெரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். அறைக்குள் இருந்தாலும் மொட்டைமாடி ஓரத்தில் நிற்பதுபோல் கால் கூசும். இதயத் துடிப்பை அளப்பார்கள். பிறகு "என்னவெல்லாம் பார்த்தீங்க?" என்று கேட்பார்கள். காட்டியது இன்னதென்று அவர்களுக்குத் தெரியுமே! அதனால் சொல்வது சரியா, தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உணர்ச்சி எல்லாவற்றையும் ஒரே மாதிரி பதிய வைப்பதில்லை. சங்கிலி பறிக்க வருகிறவன் கையில் கத்தி இருந்தால் கத்தி நினைவிருக்கும்; அவன் சட்டை நிறம் நினைவிருக்காது.

1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. அந்தச் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கினார் அல்ரிக் நைசர் என்ற பேராசிரியர். இரண்டரை வருடம் கழித்து மறுபடி கேட்டபோது பலர் மாற்றிச் சொன்னார்கள். அதையும் உறுதியாகச் சொன்னார்கள்! அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவே மாறிவிட்டது.

நம் குழுவிலும் இது நடக்கும். கடன் தவணைச் சண்டையில், "நான் கொடுத்தது கண்ணு முன்னாடி நிக்குது" என்பார் ஒருவர். "நீ கொடுக்கவே இல்லை" என்பார் இன்னொருவர். இருவருமே மனசறிந்து உண்மை பேசலாம். உடனே பொய்க்காரி என்று பட்டம் கட்ட வேண்டாம். பணம் கைமாறிய அந்த நிமிடமே தீர்மான நோட்டிலும் பாஸ் புக்கிலும் எழுதிக் கையெழுத்து வாங்குவோம்.

இன்னொன்று. சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் "மறந்துடு" என்று சொல்லாதீர்கள். அது அவர் கையில் இல்லை. பேச வந்தால் காது கொடுப்போம். 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் தப்பிய ஒரு பெண்ணுக்கு, இதே மெய்நிகர் கண்ணாடி மூலம் அந்தக் காட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிச் சிகிச்சை தந்தார்கள், அவர் தேறினார். அது பயிற்சி பெற்றவர் துணையோடு செய்தது. நம்மில் யாருக்காவது பழைய நினைவால் தூக்கம் கெட்டால், அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவோம். 14416 என்ற இலவச டெலி-மானஸ் எண்ணிலும் பேசலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.