வேலைக்கு ஆள் தெரிந்தெடுத்தல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



கடைக்கும் கம்பெனிக்கும் ஆள் எடுக்கும் விஷயத்தைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நம்மிற் பலர் அடிக்கடி செய்துவரும் காரியமாதலின் இதிற் புதிதாய்ச் சொல்ல என்ன உண்டெனச் சிலர் கருதலாம். பழகிய காரியமாதலாலேயே இதனை நாம் சிந்தியாதிருக்கிறோம்.

பர்மா, மலேயா, இலங்கை முதலிய இடங்களில் லேவாதேவி நடத்திய நம் நகரத்தார் முன்னோர் ஆள் எடுத்த முறையை முதலில் நோக்குவோம். இளம் வயதிலேயே ஒரு பையன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். எடுபிடி வேலைகளைச் செய்துகொண்டே வட்டிக் கணக்குங் கற்பான். தேறியபின் அடுத்தாளாய்ப் பேரேடு எழுதுவான். அதன் பின்னரே ஏஜெண்டு என்னும் பொறுப்பு; அதுவும் மூன்று வருஷத் தவணைக்கே. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புதல் வேண்டும். முதலாளியோ செட்டிநாட்டில் இருந்தார். பெட்டிச் சாவி கடலுக்கப்பால் மற்றொருவர் மடியில் இருந்தது. அத்துணைப் பெரிய பொறுப்பை அரைமணி நேரப் பேச்சை நம்பி அவர்கள் கொடுத்தாரில்லை. பல்லாண்டு உழைத்த கையைப் பார்த்துக் கொடுத்தனர்.

1942-ல் யுத்தம் பர்மாவை விழுங்கியபின் அந்த ஏற்பாடு குலையத் தொடங்கிற்று. இன்றோ நம்மவரிற் பலர் ஆள் எடுக்கும்போது வினவுவன மூன்றே: எந்த ஊர்? எந்தக் கோயில்? யார் வீட்டுப் பிள்ளை? காப்பி ஆறுமுன் உத்தியோகம் நிச்சயமாகிவிடுகிறது. முன்னோரின் பழக்கத்தில் உறவை மட்டும் வைத்துக்கொண்டு, சோதனையை விட்டுவிட்டோம்.

இங்ஙனம் மனம்போனவாறு உரையாடி ஆள் எடுப்பதால் விளையும் பயன் எவ்வளவு? பால் சாக்கெட் என்னும் மனோதத்துவ ஆசிரியரும் மற்று மூவரும் முந்திய ஆராய்ச்சிகளைத் திரட்டி மறுகணக்கிட்டு 2022-ல் வெளியிட்டனர். தேர்விற் கண்டதும் பின்னர் வேலையிற் கண்டதும் முற்றும் பொருந்தினால் 1. சிறிதும் பொருந்தாவிடில் 0. ஒழுங்கற்ற பேட்டிக்குக் கிடைத்தது 0.19. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை வினவி, ஒரே அளவுகோலால் மதிப்பிடும் பேட்டிக்கு 0.42. வேலையின் ஒரு பகுதியையே செய்துகாட்டச் சொல்லும் சோதனைக்கு 0.33. இத்தனை வருஷ அனுபவம் என்று நாம் பெரிதாய் விளம்பரத்திற் போடுகிறோமே, அதற்கு 0.07 தான்! எம்முறையும் 1-ஐ நெருங்கவில்லை என்பதையும் கவனிக்க. ஆதலின் எடுத்த பின்னரும் சில மாதம் பார்த்தே பொறுப்பை ஏற்றுதல் வேண்டும்.

“நம்மவன் மோசஞ் செய்யான்” என்பர் சிலர். அக்காலத்தில் அதற்குக் காரணமிருந்தது. கணக்கிற் கைவைத்தவனுக்கு ஊரில் முகமில்லை. மறு கடையில் வேலையில்லை. அவன் வீட்டிற் சம்பந்தஞ் செய்யவும் தயங்குவர். காவலாக நின்றது இரத்தமன்று, அந்தக் கட்டுப்பாடு. இன்று நாளைக்கே பெங்களூருக்குப் போய் வேறு வேலை பார்க்கும் பிள்ளையை அக்கட்டுப்பாடு எங்ஙனம் பிணிக்கும்? காவல் போயிற்று, பிறரைப் புறந்தள்ளும் அநியாயம் மட்டும் எஞ்சிற்று.

அநியாயம் என்பது கடுஞ்சொல்லன்று. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் இருவர், இந்தியப் பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒத்த படிப்பும் வெவ்வேறு பெயரும் உடைய விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். 2007-ல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, மேற்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, அழைப்புக் கிட்டும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேரிற் பாராமலே, பெயரைக் கண்ட மாத்திரத்தில் நிகழ்ந்தது இது. சாதிச் சங்கமொன்றின் மேடையில் இதனைக் கூறுவது சிலருக்குக் கசக்கலாம், வேறெங்குக் கூறுவது?

செய்யத்தக்கதை ஓர் உதாரணத்தாற் கூறுவோம். கணக்கர் ஒருவர் தேவை. சென்ற வருஷத்து ஒரு மாதப் பில்களையும் பாங்கிக் கணக்கையும், வாடிக்கைக்காரர் பெயர்களை மறைத்துப் பிரதியெடுத்து, அதில் இரண்டு மூன்று பிழைகளைப் புகுத்தி, வந்தோர் அனைவருக்கும் அதனையே கொடுத்து ஒப்பிடச் சொல்லுக. விடைத்தாளில் எண் மட்டும் இருக்கட்டும், பெயர் வேண்டாம். பிழையைக் கண்டவர் அதனை எங்ஙனம் எடுத்துரைக்கிறார் என்பதையும் பார்க்க. தாமே மறைத்துச் சரிசெய்து தருபவர் ஆபத்தானவர். பின்பு பேட்டியில் எல்லோரிடமும் முன்னரே எழுதிவைத்த கேள்விகளையே வினவுக. பங்காளிகள் இருவர் கேட்பாராயின், தம்முள் கலந்து பேசுமுன் தனித்தனியே மதிப்பெண் எழுதிவிடுதல் நலம். இல்லையேல் பெரியவர் புன்னகைத்த பக்கமே சிறியவரும் சாய்வார். முழுநாள் வேலை வாங்கினால் அந்நாட் சம்பளத்தைக் கொடுத்துவிடுக. சோதனை என்னும் பெயரால் ஓசி வேலை வாங்குதல் வணிகர்க்கு அழகன்று. எடுக்கப்படாதோர்க்கு ஒரு வாரத்துள் தகவல் சொல்லுக. அவர்கள் வீட்டிலும் காத்திருப்போர் உண்டு.

நமது சங்கம் வேலைக்குச் சிபார்சுக் கடிதம் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, அவ்வுழைப்பைக் கணக்குப் பயிற்சி வகுப்பொன்றிற் செலுத்துமாறும், அவ்வகுப்பு எச்சமூகப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்குமாறும் ஒரு தீர்மானம் கொணர எண்ணியுள்ளோம். உடன்படுவோரும் மறுப்போரும் இம்மாத முடிவுக்குள் காரியதரிசிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பாராக.