மஞ்சட்காணியும் தானசாஸனமும்

(காளவாசல் வட்டாரக் கூட்டுறவுச் சங்கத்தாருக்குரிய பிரசங்கம்)



பெண்ணை மணம்செய்து கொடுக்கையில், அவள் மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பழைய வழக்கம். இதற்கு மஞ்சட்காணி என்று பெயர். உற்றார் முன்னிலையில் தகப்பனார் சொன்ன சொல்லே அக்காலத்தில் சாஸனமாக விளங்கிற்று.

இப்பொழுது நிலைமை வேறு. மதுரைக்கு மேற்கே காளவாசலைச் சூழ்ந்தும், மாடக்குளம் கண்மாய்ப் பாசனத்திலும் இருந்த வயல்களிற் பல வீட்டுமனைகளாகிவிட்டன. ஏர் ஓடியவரையில் வாய்மொழிக் கொடையை ஆட்சேபிப்பார் அரியர். சென்டுக் கணக்கில் விலை பேசும் காலம் வந்தவுடன், சகோதரன் மக்கள் "பத்திரம் எங்கே?" என்று கேட்கின்றனர். அத்தையிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

சட்டம் கூறுவது யாது? 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 122, 123-ஆம் பிரிவுகளின்படி, நிலத்தைத் தானமாகக் கொடுப்பவர் பத்திரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். பத்திரம் பதிவாக வேண்டும். பெறுபவர், கொடுப்பவரின் ஜீவதசையிலேயே தானத்தை ஏற்றுக்கொள்வதும் அவசியம். நிலத்தின் மதிப்பு எவ்வளவு சொற்பமாயினும் விதி ஒன்றே. தாரை வார்த்து நிலத்தை ஒப்படைப்பது மட்டும் போதாது. முஸ்லிம்களின் ஹிபாவுக்கு மட்டும் அவர்களுடைய சொந்தச் சட்டத்தை 129-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. பட்டா மாறினாற் போதுமென்று எண்ணுவதும் தவறு. பட்டா வரிக்கணக்கேயன்றிப் பாத்தியதையை உண்டாக்குவதன்று.

எவரும் தமக்குரியதையே கொடுக்கக் கூடும். சுயார்ஜித நிலத்தைத் தகப்பனார் தம் இஷ்டப்படி கொடுக்கலாம். பிதுரார்ஜிதமாயின், குடும்பச் சொத்தில் நியாயமான அளவுள்ள ஒரு பகுதியை மகளுக்குக் கொடுக்கலாமென்று உச்ச நீதிமன்றம் 1963-ல் தீர்ப்பளித்தது. இந்துக் கூட்டுக்குடும்பத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்குண்டு என்னும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல், அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு வந்தது. 2005-ல் இந்தியாவின் பெரும்பகுதிக்கும் விரிந்தது. ஆகவே மஞ்சட்காணி பெற்றவள் என்னும் ஒரே காரணத்தால் அவளுடைய பாகம் அற்றுப்போகாது.

மற்றொரு விஷயம். முறைப்படி முடிந்த தானத்தைக் கொடுத்தவர் மனம் மாறியதற்காகத் திரும்பப் பெறுதல் இயலாது. முதுமையில் தம்மைப் பராமரிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பவர், அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்வது நலம். அங்ஙனம் எழுதி, பெற்றவர் பராமரிக்கத் தவறினால், 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் பரிகாரம் உண்டு.

சங்கத்தாருக்கு இதில் நேரான சம்பந்தம் உள்ளது. பயிர்க்கடன் கேட்கும் பெண்ணின் பெயரில் நிலத்துக்குரிய ஆதாரம் இல்லாவிடில், உழைப்பு அவளுடையதாயினும் கடன் அவளுக்குக் கிட்டுவது அரிது. வாயால் கொடுத்த காணி எந்த வீட்டிலேனும் இருப்பின், கொடுத்தவர் உயிரோடிருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பதிவுசெய்து, பின்பு பட்டாவையும் மாற்றிக்கொள்க. அவர் காலஞ்சென்ற பின் அந்தத் தானத்தை எழுதிக்கொடுக்க வேறெவராலும் இயலாது.