முதல் நாலு கிழமை
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் பேச வந்தால் நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ எதிர்பார்ப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது, எங்கள் வீடுகளில் அலுமாரிக்குள் சேலைக்கடியில் ஒளித்து வைக்கப்படும் ஒரு மருந்தைப் பற்றி: மனச்சோர்வுக்குத் தரப்படும் குளிசைகள்.

புளூஒக்செற்றீன், சேர்ட்ரலீன் போன்ற இக்குளிசைகள் பலருக்கு நல்ல சுகத்தைத் தருகின்றன. ஆனால் மனம் தெளிய இரண்டு முதல் ஆறு கிழமை செல்லும். பக்கவிளைவுகளோ முதல் நாள்களிலேயே தொடங்கிவிடலாம். வயிற்றுக்குமட்டலும் தலையிடியும் பெரும்பாலும் சில நாள்களில் தணிந்துவிடும். கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை மனநிலையில் வரும் மாற்றங்கள்.

சிலருக்கு முதல் நாலு கிழமைக்குள் பதகளிப்புக் கூடும். ஓரிடத்தில் இருக்க முடியாமல் அந்தரப்படுவார்கள், நித்திரை வராது, சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுவார்கள். இளவயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணமும் தோன்றலாம். 2004இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சிறுவர், கட்டிளமைப் பருவத்தினர் குறித்து மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கப் பணித்தது. பரிசோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 4 பேரிடமும், மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 2 பேரிடமும் அத்தகைய எண்ணமோ நடத்தையோ காணப்பட்டது. அவர்களில் எவரும் தற்கொலையால் இறக்கவில்லை. 2007இல் அந்த எச்சரிக்கை 24 வயது வரை நீட்டப்பட்டது. அதற்கு மேற்பட்டோரிடம் இந்தக் கூடுதல் காணப்படவில்லை. மனச்சோர்வே தற்கொலைக்கு இட்டுச்செல்லும் நோய் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே இது மருந்தைத் தவிர்க்கச் சொல்லும் எச்சரிக்கை அல்ல. பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை.

வேறு சிலர் எதிர்ப்பக்கம் போவார்கள். நித்திரையே தேவையில்லாத உற்சாகம், ஓயாத பேச்சு, கண்டபடி காசுச் செலவு. பிள்ளைக்குச் சுகம் வந்துவிட்டதென்று வீட்டார் மகிழ்வார்கள். இது இருதுருவ மனநிலைக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். நீண்டகாலம் எடுப்போரில் சிலருக்கு அழுகையும் வராது, சிரிப்பும் வராது. உணர்ச்சி மரத்ததுபோல் இருக்கும். மருந்தின் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ இதைச் சீர்செய்ய முடியும்.

கலியாணப் பேச்சு வந்துவிட்டது என்பதற்காகச் சடுதியாக நிறுத்துவோரும் உண்டு. அப்போது தலைச்சுற்று, எரிச்சல், அழுகை, மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். வைத்தியரின் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

இந்த மாற்றங்களை மருந்து எடுப்பவர் தானே உணர்வது கடினம். கூட இருப்பவர்தான் முதலில் காண்பார். எங்களிடையே சிக்கல் இங்கேதான். மகள் தாய்க்கு மறைக்கிறாள். மருமகள் மாமிக்கு மறைக்கிறாள். பல்கலைக்கழக விடுதியில் இருப்பவள் அறைத்தோழிக்கு மறைக்கிறாள். ஊராருக்குத் தெரியக்கூடாது என்று தூரத்து ஊரில் மருந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒளித்து எடுக்கும் குளிசைக்குக் காவல் இல்லை.

ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. நம்பிக்கையான ஒருவருக்குச் சொன்னாற் போதும். அந்த ஒருவர் முதல் நாலு கிழமையும் நித்திரை எப்படி, அந்தரம் இருக்கிறதா என்று அடிக்கடி விசாரிக்க வேண்டும். சாக வேண்டும் போல் இருக்கிறதா என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எங்கள் வகுப்புத் தோழியரின் வட்ஸ்அப் குழுக்களில் பிறந்தநாள் வாழ்த்துகள் தவறுவதில்லை. அந்தக் குழுக்களில் சில மாதமாகப் பேசாமல் இருப்பவள் யாரென்று இன்றிரவு பாருங்கள். அவளுக்கு ஓர் அழைப்பு எடுங்கள்.