தலைசுற்றலும் கண்ணின் சான்றும்

பெருமாட்டி உள்ளிட்ட சித்தூர் வட்டாரத்தில் தென்னையேறிக் கள் இறக்கிப் பிழைப்போர் பலர். தலைசுற்றல் அவர்தம் பிழைப்பையே பறிக்கவல்லது. ஆயினும் தலை சுற்றினால், பித்தம் என்று சொல்லி, எலுமிச்சைச் சாறு பருகி அமைந்துவிடுகிறோம்.

நம் உட்செவி ஒவ்வொன்றிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நீர் அசைய, மூளைக்குச் செய்தி செல்கிறது; கண்கள் அக்கணமே எதிர்ப்புறம் திரும்பிப் பார்வையை நிலைநிறுத்துகின்றன. எனவே, செவியின் குறையைக் கண்ணே காட்டிக்கொடுக்கும். வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி, காதினுள் குளிர்ந்த நீரையும் வெதுவெதுப்பான நீரையும் செலுத்தி, விழிகள் துடிக்கும் வகையை ஆராய்ந்தார். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

1988இல் சிட்னி நகரத்து ஹால்மாகி, கர்தாய்ஸ் இருவரும் கருவியின்றியே சோதிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். நோயாளி மருத்துவரின் மூக்கையே நோக்கியிருப்பார். மருத்துவர் அவர் தலையைச் சட்டெனச் சிறிது திருப்புவார். உட்செவி நலிந்திருப்பின், விழியும் தலையோடு சென்று, பின்னர்த் துள்ளி மீளும். பயின்ற மருத்துவர்க்கே உரிய சோதனை இது.

ஓயாது தலை சுற்றுகையில் விழி வழுவாது நின்றால், நாம் மகிழ்வதற்கில்லை. செவி நலமாயிருக்க, மூளையில் இரத்தவோட்டம் தடைப்பட்டதோ என்று மருத்துவர் ஐயுறுவர். ஆகவே, விடாது தலை சுற்றுவோரை வீட்டில் படுக்கவைத்துப் பொழுது போக்காமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.