சாவுக் கணக்கு சொன்ன சேதி



குஜராத்தில் அகமதாபாத் என்று ஒரு பெரிய நகரம். துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். 2010-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. காய்ச்சல்காரர் உடம்பைவிடக் காற்று அதிகமாகச் சுட்டது.

அந்த மாதம் எத்தனை பேர் இறந்தார்கள்? ஆய்வாளர்கள் பதிவேட்டைப் பிரித்து எண்ணினார்கள். முந்தின ஆண்டு, அடுத்த ஆண்டு மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள்!

வெயிலில் இறந்தாலும் ‘மாரடைப்பு’, ‘முதுமை’ என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். மொத்தமாக எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வீட்டில் சாவு விழுந்தால் 21 நாளுக்குள் பதியச் சொல்வது இதற்காகவும்தான்.

வெயிலை அதிகம் தாங்காதவர்கள் யார்? கிழவர்களும் பச்சைக் குழந்தைகளும். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. வியர்வையும் குறையும். குழந்தைக்கோ வாய் திறந்து கேட்கத் தெரியாது.

அந்த நகரத்தில் ஒரு மருத்துவமனை. பிரசவ வார்டு மேல்மாடியில் இருந்தது. தலைக்கு மேலே கொதிக்கும் தளம். பிறந்த சில நாளிலேயே குழந்தைகளுக்கு உடம்பு சுட்டது. தீவிர சிகிச்சைக்குத் தூக்கி ஓடினார்கள். பிறகு வார்டைத் தரைத் தளத்துக்கு மாற்றினார்கள். சூட்டால் நோயாகும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். புது மருந்தா கொடுத்தார்கள்? இல்லை. கட்டிலைக் கீழே இறக்கினார்கள், அவ்வளவுதான்.

2013-இல் மாநகராட்சி வெயிலுக்கென்றே ஒரு திட்டம் போட்டது. கடும் வெயில் வரும் முன்பே மக்களுக்குச் சொன்னார்கள். தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். பிறகு குடிசைப் பகுதிகளில் கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும்.

தகரக் கூரை வீட்டில் மின்விசிறி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது சூட்டுக் காற்றைத்தான் அள்ளி வீசும். பாட்டி கேட்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விடுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பால் போதும். ஆனால் அடிக்கடி கொடுக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறுகிறதா? உடனே நிழலுக்குக் கொண்டு வாருங்கள். தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும்.