அப்பாவுக்கு என்ன ஆச்சு?



தமிழ்ச் சங்க ஆண்டு விழா என்றாலே பிள்ளைகள் தமிழை விட்டு விலகுகிறார்கள் என்ற கவலையில்தான் பேச்சு தொடங்கும். கடையில் இந்தி, ஃபெர்ரியில் இந்தி, விளையாட்டுத் திடலில் இந்தி. பாட்டி தமிழில் கேட்டால் பேரன் இந்தியில் பதில் சொல்கிறான். கவலை இந்த வருஷமும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் திருக்குறள் போட்டிக்குப் பரிசு கொடுத்து முடித்தாயிற்று. இனி கொஞ்ச நேரம் பீடியைப் பற்றிப் பேசலாம். பின்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருகிறார்கள், நல்லது.

1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் குடியேற்றம் அமைத்தது அந்தமானின் இந்தச் சின்னச் சாத்தம் தீவில்தான். மர அறுவை மில் 1883இல் வந்தது. 1942இல் ஜப்பான்காரன் போட்ட குண்டின் பள்ளத்தை இன்றும் சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மதராஸிலிருந்து கப்பலேறி, மூன்று நாள் குடலைப் பிடுங்கும் அலையில் மில் வேலைக்கு வந்து இறங்கிய அப்பாக்களைப் படம் எடுத்தவர்கள்தான் குறைவு. அந்தக் கப்பல் பயணத்தை இந்த அவைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த அப்பாவை எல்லோருக்கும் தெரியும். படாக் மரத்தின் செந்தூள் புருவத்தில் ஒட்டியிருக்கும். மரத்தூள் பறக்கும் இடத்தில் தீக்குச்சி கிழிக்க முடியாது. வெளியே வந்து, கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் குவித்துப் பீடியைப் பற்றவைப்பார். பாதி பிடித்ததும் அணைத்துக் காதில் செருகிக்கொள்வார். ஐம்பது வயதுக்கு மேல் அதே அப்பா விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவார். படுத்தால் மூச்சு முட்டும். அம்மா வெந்நீர் வைப்பாள். “பனி ஒத்துக்கலை” என்பார்கள். சுற்றிலும் கடல், வருஷம் முழுக்கப் புழுக்கம். இதில் பனி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

பனி பாவம், அதன் மேல் பழி வேண்டாம். நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. புகை அவற்றின் சுவர்களை அரிக்கும். பல சிறிய அறைகள் சேர்ந்து சில பெரிய, தொளதொளத்த பைகளாகிவிடும். உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராது. இடிந்த சுவரைத் திரும்பக் கட்ட மருந்து கிடையாது. பீடியின் இலை தானாக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுத்தாக வேண்டும். மில்லில் வேலை செய்தவருக்கு இன்னொரு வினையும் உண்டு. மரத்தூளே மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்பறைகளிலும் புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் அறிவித்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இறந்துபோன அப்பாக்களைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஓர் ஆய்வு நம் தமிழ்நாட்டில், சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் நடந்தது. 1990களின் பிற்பகுதியில் டாக்டர் வேந்தன் கஜலட்சுமியின் குழு இறப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனது. இறப்புச் சான்றிதழில் “மாரடைப்பு” என்றோ “முதுமை” என்றோ ஏதாவது ஒரு வரி இருக்கும். அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. அதனால் பயிற்சி பெற்ற ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்து மனைவியிடமும் மக்களிடமும் பேசினார்கள். அவருக்கு என்ன ஆச்சு, இருமல் இருந்ததா, எத்தனை மாதம், சளியில் ரத்தம் வந்ததா, பீடியா சிகரெட்டா? இப்படி சுமார் 43,000 ஆண்களின் மரணத்தைக் கேட்டெழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தையும் குறித்துக்கொண்டார்கள்.

2003இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவின் பெயரோடு நம் நரம்பியல் அறுவை நிபுணர் டி.எஸ். கனகாவின் பெயரும் அதில் உண்டு. புகைபிடித்தவர் காசநோயில் சாகும் வாய்ப்பு, பிடிக்காதவரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயில் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகையும் காரணம். நுரையீரல் புற்றுநோயையே பெரிதாகப் பேசிக்கொண்டிருந்த மேல்நாட்டு மருத்துவத்துக்கு இது புதிது. அந்தக் கணக்கு விழுப்புரத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்ன பதில்களிலிருந்து வந்தது.

அப்படிக் கேட்டெழுதும் ஒருவர் இன்று சாத்தம் வீடுகளுக்கு வந்து, “தாத்தாவுக்கு என்ன ஆச்சு?” என்று பேரனைக் கேட்டால்? பெற்றோர்களே, கேள்வி உங்களுக்குத்தான். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று சொல்லியிருப்பீர்கள், எத்தனை டன் மரத்தை அசால்ட்டாக நகர்த்தினார் என்றும் சொல்லியிருப்பீர்கள். கடைசி மூன்று வருஷத்தை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். அப்பாவின் பெயருக்கு அது குறை என்ற எண்ணம். பாட்டி இருக்கும்போதே பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த வயதில் பழகினார், ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, எப்போது படியேற முடியாமல் போனது என்று அவர்களே கேட்கட்டும். பாட்டிக்கு இந்தி வராது. பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை.

அப்பாவின் கடைசிக் காலத்தைச் சொன்ன மகனும் உண்டு. அமெரிக்காவில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனியை நிறுவியவரின் மகன் 1964இல் நுரையீரல் சிதைந்து இறந்தார். அவருடைய மகன் பேட்ரிக்குக்கு அப்பா என்றால் மூச்சுக்குத் திணறும் ஒரு நோயாளியின் முகம் மட்டும்தான் நினைவு. அதை அவர் மறைக்கவில்லை. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால், குடும்பத்துக்குச் சோறு போட்ட புகையிலைக்கு எதிராகவே பேசினார்.

இளைஞர்களை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ரஜினியைப் போலச் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிக்க, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பழகிய தலைமுறை முன்வரிசையில்தான் இருக்கிறது. சிரிப்பே காட்டிக்கொடுக்கிறது! 2002இல் அவருடைய ‘பாபா’ படம் வந்தபோது அதில் வரும் சிகரெட்டுக்காகப் பாட்டாளி மக்கள் கட்சி செய்த ரகளை நினைவிருக்கும். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தபோது மத்திய சுகாதார அமைச்சர் அதே கட்சியின் அன்புமணி. ரஜினியோ, கணக்கில்லாமல் சிகரெட் பிடித்த தன்னை அன்பால் மாற்றியவர் மனைவி லதாதான் என்று 2023இல் மேடையிலேயே சொன்னார். இன்றைய பிள்ளைகளுக்கு வேறு வினை: பான், குட்கா. 2019-21இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி அந்தமான் நிகோபார் ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைத் தொடுகிறார்கள்.

“இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனி விட்டு என்ன?” என்பவர்களுக்கு ரிச்சர்ட் டாலின் கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து அவர் 2004இல் எழுதியது: அறுபதில் விட்டால் ஆயுளில் மூன்று வருஷம் மிஞ்சும், ஐம்பதில் ஆறு, நாற்பதில் ஒன்பது. அதற்கு முந்தைய நுரையீரல் புற்றுநோய் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் அவரே புகைத்தவர். அதன் முடிவைப் பார்த்ததும் புகைப்பதை விட்டார், 92 வயது வரை இருந்தார்.

அரசின் இலவச உதவி எண் 1800-11-2356. இப்போதே போனில் பதிந்துகொள்ளலாம். சட்டைப் பையில் இருப்பதைச் சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமுன் பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் கொடுத்துவிடலாம். சூப்பர் ஸ்டாருக்கே அந்த வழிதான் பலித்தது.