ஊரார் வீட்டு நெய்



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேஸ்பாலுக்கு விரோதி இல்லை. 2021இல் அட்லாண்டா பிரேவ்ஸ் உலகத் தொடரை வென்ற இரவில் என் வீட்டிலும் கூச்சல்தான். என் சண்டை ஆட்டத்தோடு இல்லை, பில்லோடு.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்த ஜார்ஜியாவில் அந்த நெய்யை எப்படி ஊற்றினார்கள் என்று கேளுங்கள்.

1996 ஒலிம்பிக்கிற்காக அட்லாண்டா நகருக்குள் ஓர் அரங்கம் எழும்பியது. அடுத்த வருடம் அது டர்னர் ஃபீல்ட் ஆகி, பிரேவ்ஸ் அணியின் வீடானது. 2013 நவம்பர் 11ஆம் தேதி அணி அறிவித்தது: நாங்கள் நகருக்கு வெளியே, காப் கவுண்டிக்குப் போகிறோம். கடைசி ஆட்டம் முடிந்தபோது அந்த அரங்கம் பார்த்தது 20 சீசன். இருபது வயதில் நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பே முடியவில்லை; அதற்குள் அந்தக் கட்டடம் கிழடாம்! கிழடு இல்லை என்பதற்குச் சாட்சி, ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். அதை வாங்கி, மாற்றிக் கட்டி, இன்றைக்கும் அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறார்கள்.

ஏன் கிளம்பினார்கள்? அணி சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: டர்னர் ஃபீல்டுக்குப் பொதுப் போக்குவரத்து சரியில்லையாம். அங்கிருந்து அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்தான மார்ட்டாவின் ரயில் நிலையம் ஒரு மைலுக்கும் குறைவு. ஆட்ட நாட்களில் ஃபைவ் பாயிண்ட்ஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸும் ஓடியது. அது போதாதென்று கோபித்துக்கொண்டு எங்கே போனார்கள்? 75ஆம், 285ஆம் நெடுஞ்சாலைகள் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு. மார்ட்டாவில் சேரமாட்டோம் என்று 1965லேயே வாக்களித்த கவுண்டிக்கு. ரயிலே இல்லாத ஊருக்கு! கிணற்றில் தண்ணீர் குறைவென்று புகார் சொன்னவர், கிணறே வெட்டாத ஊரில் போய்க் குடியேறிய கதை இது.

சரி, காசு யாருடையது? அரங்கத்துக்காக காப் கவுண்டி ஏற்றுக்கொண்ட பங்கு சுமார் 300 மில்லியன் டாலர். அறிவிப்பு வந்து பதினைந்தே நாளில், நவம்பர் 26ஆம் தேதி, கமிஷனர்கள் கை தூக்கினார்கள். நாலுக்கு ஒன்று. வேண்டாம் என்ற அந்த ஒருவர் லிசா கியூபிட். பதினைந்து நாள்! நாம் ஒரு சோபா வாங்க அதைவிட அதிக நாள் கடை கடையாக அலைகிறோம்.

மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்களா? இல்லை. வாக்கெடுப்பே தேவைப்படாத விதத்தில், ஓர் ஆணையத்தின் பெயரில் கடன்பத்திரம் போட்டார்கள். வழக்கு போனது, 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சட்டத்துக்குச் சரி. ஊருக்குச் சரியா? கையெழுத்துப் போட்ட கவுண்டித் தலைவர் டிம் லீயை 2016இல் சொந்தக் கட்சி வாக்காளர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைவர் போய்விட்டார். முப்பது வருடக் கடன் போகவில்லை.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. "அரங்கத்தைச் சுற்றிப் பாருங்கள்! கடைகள், அலுவலகங்கள், குடியிருப்புகள், எவ்வளவு கூட்டம்!" என்பார்கள். உண்மை. கூட்டம் இருக்கிறது. ஆனால் கூட்டம் வேறு, கணக்கு வேறு. அதே கவுண்டியிலுள்ள கென்னசா ஸ்டேட் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஜே. சி. பிராட்பரி 2022இல் கணக்குப் போட்டார். வருடத்துக்குச் சுமார் 15 மில்லியன் டாலர் கவுண்டிக்கு நஷ்டம் என்றார். 2023இல் அணியை நடத்தும் நிறுவனத்தின் வருவாயோ 600 மில்லியன் டாலருக்கு மேல். கல்யாணம் அவர்கள் வீட்டில். மொய் நம் வீட்டிலிருந்து, அதுவும் முப்பது வருடத் தவணையில்!

2017இல் அரங்கம் திறந்தது. அலுவலக நெரிசலுக்குப் பயந்து, வாரநாள் ஆட்டத்தை 7:10 மணியிலிருந்து 7:35க்குத் தள்ளினார்கள். சாலை ஆட்டத்துக்கு வழிவிடவில்லை. ஆட்டம்தான் சாலைக்கு வழிவிட்டது. 

இப்போது நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்வோம். 2024 நவம்பரில் காப், குவினெட் இரண்டு கவுண்டிகளிலும் வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி இருந்தது: பொதுப் போக்குவரத்துக்காக ஒரு சத விற்பனை வரி, முப்பது வருடத்துக்கு. இரண்டிலும் தோற்றது. "நம்மிடம்தான் கார் இருக்கிறதே" என்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்? ஊரிலிருந்து வந்த அம்மா, அப்பாவைக் கேளுங்கள். ஆறு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். காய்கறிக் கடைக்குப் போகவும் மகன் வேலை முடிந்து வரவேண்டும். அரங்கத்தில் கடை நடத்தி, இரவு பதினொரு மணிக்குக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கிளம்புகிற தொழிலாளி எதில் வீடு போவார்?

அந்த வரி வேண்டாம் என்பவருக்கும் நியாயம் இருக்கலாம். என் கேள்வி வேறு. பஸ் விட வேண்டுமென்றால் வீடு வீடாக வந்து நம் சம்மதம் கேட்கிறார்கள். அரங்கம் கட்ட வேண்டுமென்றால் நம்மைக் கேட்பதே இல்லை! இது என்ன நியாயம்? ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். வடம் நம் கையில். தேர் மட்டும் நம் தெருவுக்கு வராது.

கேட்டால் அணி ஓடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் கதையைச் சொல்லுங்கள். அரங்கத்துக்கு அரசுப் பணம் தரலாமா என்று 1987இலிருந்து 1992 வரை அந்த வட்டாரத்தில் நாலு முறை வாக்கெடுப்பு. நாலு முறையும் தோல்வி. அணி ஓடவில்லை. பெரும்பாலும் தனியார் பணத்திலேயே கட்டி 2000இல் திறந்தார்கள். அதுவும் ரயிலுக்குப் பக்கத்தில்!

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் சொல்கிறேன்? நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஃபோர்சைத் கவுண்டியிலேயே 2023இல் ஐஸ் ஹாக்கி அரங்கப் பேச்சு எழுந்தது. 225 மில்லியன் டாலர் வரை கடன்பத்திரம் என்றார்கள். மார்ட்டா ரயில் அங்கேயும் இல்லை. இன்று ஹாக்கி, நாளை வேறொன்று. எது வந்தாலும் கையெழுத்துக்கு முன்னால் இரண்டைக் கேளுங்கள்: கடனுக்கு வாக்கெடுப்பு எங்கே? வாசலுக்குப் பஸ் எங்கே?

கடைசியாக ஒன்று. 2014 மே மாதம் காப் கவுண்டிக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச 12 இடம். அரங்கத்தின் ஆதரவாளர்கள் முன்னாலேயே வந்து வரிசையில் நின்று 12ஐயும் பிடித்துக்கொண்டார்கள். எதிர்த்துப் பேச வந்தவர்களுக்கு வாய் திறக்க இடமில்லை. அவர்கள் செய்த தவறு ஒன்றுதான்: தாமதமாகப் போனது.

அடுத்த கூட்டத்துக்கு நாம் சீக்கிரம் போவோம். காப்பி நான் கொண்டு வருகிறேன். வரிசையில் முதல் ஆளாக நீங்கள் நில்லுங்கள்.